காபி மேசைக் கனவுகள்

— அப்புறம் கனவுல அந்த டிராம் கண்டக்டர் நம்ம மிட்ஸி நீட்டின டிக்கெட்டை வாங்கவே இல்லையாம், ஒட்டீலி. டிக்கெட்டுல துளை போடுற கருவியைக் கொண்டுவந்து இவ வயித்துல, வலது பக்கம், கீழ ஒரு துளை போட்டானாம். அடுத்த நிறுத்தம் வந்ததும் மறுபடியும் அதே இடத்துல. அதுக்கடுத்ததுலயும். இறங்கவும் விடலையாம். பதினெட்டு வயசுப் பொண்ணு காண்ற கனவா இது? என்ன ஒரு நேர்த்தி!

— எந்தப் பக்கம்னு சொன்னே?

— வலது. அதாவது, பக்கமா முக்கியம்? கண்டக்டர் யாருன்னு பாருங்க. சீருடை போட்டவன். நீ போகலாமா கூடாதான்னு சொல்றவன். நான்தான்! அப்பாதான்! வீட்டை விட்டு அவ கிளம்ப நினைக்கிறா, நான் விடமாட்டேன்னு பயப்படுறா. இன்னிக்கு சாயங்காலச் சொற்பொழிவுல இதைச் சேர்த்துடப் போறேன்.

— பெத்த பொண்ணோட கனவையா? எழுத்தாளர் சங்கத்துல, அத்தனை பேர் முன்னாடியா?

— பேரை மாத்திடுவேன். எல்லாரும் அப்படித்தானே செய்றோம்.

— அவ காலைல என்ன சாப்பிட்டா, ஆல்வின்?

— இது என்ன கேள்வி? ஏதாவது சாப்பிட்டிருப்பா. நான் கனவைக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

— வணக்கம், கைக்கு முத்தம், மேடம். டாக்டருக்கு வழக்கம்போல பால் காபி, கூடவே தண்ணி. மேடத்துக்கு என்ன கொண்டுவரட்டும்? கசகசா கேக் இப்பத்தான் அடுப்பை விட்டு இறங்கிச்சு.

— கறுப்புக் காபி போதும், வென்ஸெல். இவர் டாக்டர் இல்லைன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?

— கண்ணாடி போட்டவங்க எல்லாருமே இந்தக் காபிக் கடையில டாக்டர்தான், மேடம். இவர் பரிசு வாங்கினதும் பேராசிரியர்னு கூப்பிடலாமான்னு யோசிச்சேன். வயசாக்கிக் காட்டுமேன்னு விட்டுட்டேன்.

— சரி, என் தங்கச்சி பொண்ணு மிட்ஸி வருவா. வந்தா நேரா இந்த மேசைக்கு அனுப்பிடுங்க.

— ஆகட்டும், மேடம்.

— மிட்ஸி இங்க வர்றாளா? எதுக்கு?

— அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நேத்து அவ என் வீட்டு மாடிப்படியில மயங்கி விழுந்துட்டா.

— மயக்கமா? என்கிட்ட சொல்லவே இல்லையே!

— என்கிட்டயும் சொல்லலை. என் கண் முன்னாடி விழுந்ததால தெரிஞ்சுது. வயித்தைப் பிடிச்சுகிட்டு, முகமெல்லாம் வேர்த்து... டாக்டர் நவ்ராட்டில்கிட்ட பேசிட்டேன். அறுவை மருத்துவர், நல்ல மனுஷன், அளந்து பேசுவார். இன்னிக்கு நாலு மணி வரைக்கும் ஆஸ்பத்திரியில இருப்பார். வயித்தை அழுத்திப் பார்க்கணும், தேவைப்பட்டா இன்னிக்கே கத்தி வைக்கணும்கிறார். இருபத்தொண்ணு ஆகாத பொண்ணு. அப்பா சம்மதம் இல்லாம தொட மாட்டாங்க. நீ இப்பவே எங்ககூட வரணும்.

— கத்தியா! உங்களுக்கு என்ன ஆச்சு? திங்கட்கிழமைக்கு மனோதத்துவ டாக்டர் ஃபெல்டெக்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன். அவர் சோபாவுல நாலு நாள் படுத்து மனசுல இருக்கிறதைப் பேசினா எல்லாம் வெளிய வந்துடும். அதாவது, அவ அம்மாவோட நோயைத் தன் உடம்புல போட்டு நடிச்சுக்கிட்டிருக்கா, தனக்கே தெரியாம. அம்மா செத்த அதே வயிறு! இது உங்களுக்குப் புரியாதா? நீங்களே மூணு வருஷம் அந்தச் சோபாவுல படுத்தவங்கதானே?

— படுத்தேன். நான் எங்க இல்லைன்னேன்? என் புருஷன் ஹெர்மான் போர்ல செத்தப்புறம் ஒரு சொட்டுக் கண்ணீர் வராம கட்டை மாதிரி அலைஞ்சேனே, அந்த அறையிலதான் முதல் முதலா அழுதேன். அதுக்கு அந்த மனுஷனைக் கும்பிடுவேன். ஆனா ஒரு நாள் பல் வலியோட போனேன். என்ன சொன்னார் தெரியுமா? 'அம்மா, எழுந்து பல் டாக்டர்கிட்ட போங்க'ன்னார்.

— பல் வேற.

— வயிறு மட்டும் எப்படி வேற?

— வயிறு யோசிக்கும், ஒட்டீலி. பல் யோசிக்காது.

— இந்த மாதிரி வாக்கியம் ஒண்ணு கிடைச்சா உனக்குச் சோறு தண்ணி வேண்டாம். வியன்னாவுல பாதிப் பேர் சோபாவுல படுத்திருக்கான், மீதிப் பேர் அதைப் பத்தி நாவல் எழுதிக்கிட்டிருக்கான். ஒருத்தனுக்குத் தும்மல் வந்தாக்கூட ஜன்னலை மூட ஆள் இல்லை.

— நீங்க கேலி பண்ணலாம். அதாவது, மேல தெரியறது எதுவும் விஷயமே இல்லை. எல்லாத்துக்கும் அடியில என்ன இருக்கு, அதுதான் கேள்வி.

— 'அடியில என்ன இருக்கு?' உன் கல்யாணத்துல இருந்து இதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். இல்ல, கல்யாணத்தன்னிக்கு வேற ஒண்ணு சொன்னே. ஞாபகம் இருக்கா?

— ஏதாவது உளறியிருப்பேன்.

— கோப்பையைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு எழுந்து நின்னே. 'நான்'னு ஒண்ணு கிடையவே கிடையாது, நிறம், சத்தம், சூடு இதெல்லாம் கொஞ்ச நேரம் சேர்ந்து நிக்கிற ஒரு கட்டுதான் மனுஷன், தத்துவம் இதை நிரூபிச்சாச்சுன்னே. அடேலா கல்யாண உடுப்போட உன்னை அண்ணாந்து பார்த்து, 'அப்ப இன்னிக்கு நான் யாரைக் கட்டிக்கிட்டேன்?'னு கேட்டா. எங்கப்பா வாயில இருந்த சூப்பைத் துப்பிட்டுச் சிரிச்சார்.

— அவ அப்படித்தான். ஒரே கேள்வியில ஆளைக் கவுத்துடுவா... அந்த வயசுல நமக்குத் தத்துவம்தானே சாராயம், ஒட்டீலி. வானம் காலி, மேல யாரும் இல்லை. கீழ நம்மை ஆட்டிப்படைக்கிறது ஒரு குருட்டு ஆசை. சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவுல பாலமே கிடையாது. எல்லாரும் காபியோட அதைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டாங்க. நான் நம்பித் தொலைச்சேன். சொல்லை நம்பாதவன் எதை எழுதுவான்? 'மேசை'ன்னு எழுதுவேன். உடனே அடிச்சுடுவேன். ரெண்டு வருஷம் ஒரு வரி நிக்கலை.

— தெரியும். அந்த ரெண்டு வருஷமும் அடேலா ஊருல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பியானோ சொல்லிக்குடுத்து வீட்டை ஓட்டினா.

— அப்புறம் கனவு வந்தது. அதைச் சொல்லத்தானே இன்னிக்கு மேடை ஏறப்போறேன். அதாவது, எங்க தாத்தா காலத்து நாவல்ல என்ன இருக்கும்? யாரு யாரைக் கட்டினா, பண்ணை யாருக்குப் போச்சு. நாங்க கதவைத் திறந்துகிட்டு உள்ள இறங்கிட்டோம். ஒரு பொம்பளை மாடிப்படி ஏறுறா, அவ்வளவுதான் என் கதை. வேற எதுவும் நடக்காது. ஆனா மேல போய்ச் சேர்றதுக்குள்ள அவ உள்ளுக்குள்ள ஒரு உலகமே நடந்து முடிஞ்சுடும்.

— எனக்கே சொல்றியா? முதல்ல அதைப் பத்திப் பத்திரிகையில எழுதினவளே நான்தானே. 'ஒரு பெண்ணின் மனத்துக்குள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைந்த ஆண்.' என் வரிதான். உன் புத்தகத்தோட அட்டையில இன்னும் போட்டுக்கிட்டிருக்காங்க.

— நல்ல வரி.

— நல்ல வரிதான். அதுதான் என்னைக் கொல்லுது.

— ஏன் இப்படிப் பேசுறீங்க? அடேலாவோட கனவுகளை வச்சுதானே எழுதினேன். மறைச்சேனா? தினம் காலைல காபி மேசையில 'என்ன கனவு?'ன்னு கேப்பேன், அவ சொல்லுவா. நம்ம கூட்டத்துல எந்த வீட்ல அது இல்லை? காலை வணக்கமே அதுதானே. அவ ஆரம்பிச்சதும் பேப்பரைக் கீழ வச்சுடுவேன். எந்தப் புருஷன் பெண்டாட்டி பேச்சை அப்படிக் கேட்டான்?

— கேட்டே. கனவைக் கேட்டே. சரி, இன்னிக்கு அந்தக் கல் பக்கத்தை வாசிக்கப் போறியா?

— வாசிக்காம? கூட்டமே அதுக்குத்தான் வரும். வயித்துல ஒரு கல்லைச் சுமந்துகிட்டு அவ படி ஏறுறா. ஒவ்வொரு படிக்கும் கல் கொஞ்சம் வளருது. யார்கிட்டயாவது குடுத்துடலாம்னு பார்க்கிறா, வர்றவன் எல்லாம் 'எவ்வளவு அழகான கல்'னு சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போயிடுறான்...

— அந்தக் கனவைச் சொல்றதுக்கு முன்னாடி அவ உன்கிட்ட வேற ஏதாவது சொன்னாளா?

— என்ன சொன்னா?

— நினைச்சுப் பாரு. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி.

— ...வயிறு வலிக்குதுன்னா. ஒரு தடவை. ரெண்டு தடவை இருக்கலாம்.

— நீ என்ன சொன்னே?

— ஞாபகம் இல்லை.

— இருக்கு. உன் முகத்துல தெரியுது. சொல்லு.

— 'அதுக்கு அடியில என்ன இருக்கு, அடேலா?'ன்னு கேட்டேன்.

— கட்டி இருந்தது, ஆல்வின்.

— வேண்டாம்... அதை நானா அங்க வச்சேன்? ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு உங்களுக்கும் தெரியும். நேரம் கடந்துடுச்சுன்னாங்க.

— ஏன் கடந்துச்சு? வலிக்குதுன்னு சொன்னப்ப நீ கேள்வி கேட்டே. கல்லுன்னு சொன்னப்ப கை தட்டினே. பிறக்காத குழந்தைன்னே, குற்ற உணர்ச்சின்னே, ஃபெல்டெக்கும் ஆமாம்னார். நானும் சேர்ந்து கை தட்டினேனே! இந்த வருஷத்துல வந்த மிகச் சிறந்த பக்கம்னு எழுதினேனே! அந்தப் பத்திரிகை அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல, கால்மாட்டுல கிடந்தது. என் கூடப்பிறந்தவ வலியில கத்தியிருக்கா, நான் அதுல உரைநடை எப்படி இருக்குன்னு பார்த்திருக்கேன். வெக்கமா இருக்கு, ஆல்வின். ஆறு வருஷமா இது எனக்கு ஆறவே இல்லை.

— மேடத்துக்குக் கறுப்புக் காபி. டாக்டர், உங்க காபி ஆறி ஏடு கட்டிடுச்சே. மாத்திக் கொண்டுவரட்டுமா?

— வேண்டாம், வென்ஸெல்.

— எழுத்தாளர் சங்கத்துல இருந்து ஆள் வந்து, மேடையில உங்களுக்கு உக்காந்து பேசப் பிடிக்குமா நின்னு பேசப் பிடிக்குமான்னு கேட்டுட்டுப் போனார். சாயங்காலம் இந்தத் தெருவே அங்கதான் இருக்கும்போல.

— அப்புறம் சொல்றேன்.

— சரி, டாக்டர்.

— ஒட்டீலி, உங்க கோவம் எனக்குப் புரியுது. ஆனா மிட்ஸி விஷயம் வேற. அடேலாவுக்கு நிஜமான நோய் இருந்தது. அது கனவு வழியா எட்டிப் பார்த்திருக்கு, நான் கவனிக்கலை. ஒத்துக்கறேன். மிட்ஸியோட கனவுல சுத்தமான குறியீடு இருக்கு. சீருடை, டிக்கெட், பயணம். ஒரு கனவைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா இதே வேலைதானே.

— தெரியாது. உனக்குத் தெரியவே தெரியாது. அடேலா என்னை மன்னிக்கட்டும். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சாகுறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுகிட்டுக் கேட்டா. இத்தனை நாள் சொல்லலை. மிட்ஸிக்காகச் சொல்றேன்.

— என்ன? வேற யாராவது இருந்தாங்களா? அவளுக்கு?

— பாரு, உடனே அங்க ஓடுது புத்தி. வேற யாரும் இல்லை. கனவும் இல்லை.

— புரியலை.

— அவ கனவு காணலை, ஆல்வின். நீ சுவத்தைப் பார்த்துகிட்டு உக்காந்திருந்த காலத்துல ஒரு நாள், நிஜமாவே ஒரு கனவைச் சொன்னாளாம். ஏதோ குடையைப் பத்தி. உன் முகத்துல வெளிச்சம் வந்துதாம். மறுநாளும் அந்த முகத்தைப் பார்க்கணும்னு ஆசை. கனவு வரலை. அதனால ஒண்ணைக் கட்டிச் சொன்னா. அப்புறம் தினமும் அதே வேலை. கடைசி வருஷம் தூக்கமே போச்சு. வலி. ராத்திரி முழுக்க ஜன்னல்கிட்ட நின்னுகிட்டிருப்பா. விடியறதுக்குள்ள உனக்கு ஒண்ணைத் தயார் பண்ணி வச்சுடுவா, காபியோட.

— பொய். இருக்க முடியாது. அப்ப அவ கனவுல நட்சத்திரங்களை ஒவ்வொண்ணா அணைச்சுகிட்டுப் போற மனுஷன்? அதை எப்படி ஒருத்தி உக்காந்து கட்ட முடியும்? அதைப் பத்தி ஜெர்மனியில ஒருத்தன் ஆராய்ச்சிப் பட்டமே வாங்கியிருக்கான்! கடவுள் இல்லாம போன வானத்துக்குக் கதவடைக்கிறவன்னு எழுதியிருக்கான்!

— உங்க தெரு விளக்கணைக்கிறவன். நீளக் கம்பு வச்சுகிட்டு விடியற்காலையில வருவானே, அவன்.

— குளியல் தொட்டிக்குள்ள நிக்கிற வெள்ளைக் குதிரை?

— பால் வண்டிக் குதிரை. மழைத் தண்ணி தேங்கின பள்ளத்துல நின்னுச்சாம்.

— ஒட்டீலி...

— நானும்தான் அந்த விளக்குக்காரனைப் பத்தி ஒரு பத்தி எழுதினேன். 'நம் காலத்துத் தத்துவத்தின் மொத்தத் துயரமும் இந்த ஒருவனின் கையில் இருக்கிறது.' அவன் பேர் பொகோர்னி. ஜன்னல்ல விளக்கில்லாம ஒரு அம்மா தினமும் நிக்கிறதைப் பார்த்துட்டு, அவளுக்குக் கையசைச்சுட்டுப் போவானாம். கடைசி வருஷத்துல அவ ராத்திரியில முழிச்சிருந்தது உலகத்துலயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

— அப்ப அந்தப் புத்தகம்... அது யாரோடது?

— இப்பவும் புத்தகமா உனக்கு?

— இல்ல. இல்ல, ஒட்டீலி, மன்னிச்சுடுங்க. வாய் பழக்கத்துல கேட்டுடுச்சு. நான் அவ மனசுக்குள்ள போயிட்டு வந்தவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். பக்கத்துப் படுக்கை காலியா இருக்குன்னுகூடத் தெரியலையே எனக்கு. நான் நல்லாத் தூங்குவேன். எப்பவுமே நல்லாத் தூங்குவேன்.

— அதுவும் சொன்னா. 'அவர் குழந்தை மாதிரி தூங்குவார், எழுப்ப மனசு வராது'ன்னு.

— ஏன் என்னைப் பிடிச்சு உலுக்கலை? ஏன் நேரா சொல்லலை?

— நேரா சொன்னாளே. ஈஸ்டருக்கு முன்னாடி. ரெண்டு தடவை.

— ஆமா... சொன்னா. சமையலறை வாசல்ல நின்னு சொன்னா. கையில துணி வச்சிருந்தா. நான் நிமிரலை. அப்புறம் மேசைக்கு வந்து உக்காந்து, 'நேத்து ஒரு கனவு'ன்னா. நிமிர்ந்து பார்த்தேன்.

— அப்ப அந்த மேசையில இன்னொருத்தி உக்காந்திருந்தாளே, ஞாபகம் இருக்கா?

— மிட்ஸியா? சின்னப் பொண்ணு. பால் குடிச்சுகிட்டிருப்பா.

— பாலும் குடிச்சா, உன்னையும் பார்த்துகிட்டிருந்தா. எதைச் சொன்னா அப்பா பேப்பரைக் கீழ வைப்பார், எதைச் சொன்னா வைக்க மாட்டார்னு.

— ...டிராம். அந்த டிராம் கனவு...

— போன வாரம் என் வீட்ல தங்கினாளே. ராத்திரி முழுக்கக் கூடத்துல நடை. சூடு தண்ணிப் பையை வயித்துல அழுத்திப் பிடிச்சுகிட்டு நடை. கடைசி டிராம் போற மணியும் கேக்குது அவளுக்கு, முதல் டிராம் வர்ற மணியும் கேக்குது. நடுவுல கண்ணே மூடலை.

— வலது பக்கம்னு சொன்னா. கையை வச்சே காட்டினா, ஒட்டீலி. மேசைக்கு மேல நிமிர்ந்து, இதோ இங்கன்னு காட்டினா. நான் 'அருமை, மிட்ஸி'ன்னேன். கண்டக்டர் தொப்பி என்ன நிறம்னு கேட்டேன். அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, நீலம்னா.

— எழுந்திரு. கோட்டைப் போட்டுக்கோ.

— சொற்பொழிவு...

— ஆல்வின்!

— வரமாட்டேன்னு சொல்லி அனுப்பணும்னு சொல்ல வந்தேன். வென்ஸெல்! இங்க வாங்க. எழுத்தாளர் சங்கத்துக்கு டெலிபோன் பண்ணி, இன்னிக்கு நான் பேசலைன்னு சொல்லிடுங்க.

— ஐயய்யோ, டாக்டர்! என்ன காரணம்னு சொல்லட்டும்?

— வயிறு வலி.

— வயிறு வலின்னா... பயம்னு எடுத்துக்குவாங்க, டாக்டர். மேடைப் பயம். எல்லாரும் படிச்சவங்க பாருங்க.

— வயிறு வலின்னா வயிறு வலி. அடியில வேற ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க.

— அப்படியே சொல்லிடறேன். சின்ன மேடம் வந்துட்டாங்க, அதோ. கண்ணாடிக் கதவைப் பிடிச்சுகிட்டே நிக்கிறாங்க, நாற்காலி கொண்டுவரட்டுமா?

— மிட்ஸி! வா, வா. என் கையைப் பிடிச்சுக்கோ. உக்காராதே, உடனே கிளம்பறோம். பெரியம்மாவும் வர்றாங்க.

— கோவமாப்பா? பெரியம்மா வீட்டுப் படியில சும்மா கால் தவறிடுச்சு, அவ்வளவுதான். நீங்க சொற்பொழிவுக்குப் போங்கப்பா. அந்த டிராம் கனவுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு, வழியில யோசிச்சு... ஞாபகம் வந்துச்சு. வேணும்னா இப்பவே சொல்றேன்.

— வேண்டாம்மா. என் முகத்தைப் பாரு. எங்கே வலிக்குது, கண்ணு?

— ...கனவுலயாப்பா?